கேள்வி எண் முப்பத்தொன்று

ஜனவரி 5, ஞாயிறு

அன்புள்ள ரூல்தடிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமில்லை என்றால் அதை நீ மூன்று பிரதி எடுத்து, ஒன்றை எனக்கு அனுப்பியிருப்பாய்.

விடுதியில் பதினான்காம் நம்பர் அறையில் நாம் இரண்டு பேரும் பெட்டியை இறக்கி வைத்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. விடுதியை விட்டுப் பிரிந்ததிலிருந்து இன்றுவரை ஞாயிற்றுக்கிழமை உனக்கு நாலு வரி எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனால் இன்றைக்கு வெறும் அரட்டை இல்லை. உட்கார்ந்து படி.

நேற்று பேப்பரில் உங்கள் மின்வாரியத்தின் விளம்பரம் பார்த்தோம். தினமும் மாலை ஆறிலிருந்து பத்து வரை இருபது மெகாவாட் வேண்டும், காற்றானாலும் சூரியனானாலும் சரி, எவர் குறைந்த விலைக்குத் தருகிறாரோ அவருடன் பதினைந்து வருஷ ஒப்பந்தம். எங்கள் ஆட்கள் அதைக் கத்தரித்து ஆலை கேட்டில் ஒட்டிவிட்டார்கள். எங்கள் சங்கமும் டெண்டர் போடுகிறதடி!

சிரிக்காதே. காகித ஆலை மூடி நாலு வருஷம் ஆச்சு. சம்பள பாக்கிக்குப் பதிலாக நாங்கள் அறுபத்திரண்டு பேரும் ஆலை நிலத்தை வாங்கிக்கொண்டதும், அதன் தலையில் பழைய வங்கிக் கடன் உட்கார்ந்திருப்பதும் உனக்குத் தெரியும். ஏப்ரல் முப்பதுக்குள் கையில் ஓர் ஒப்பந்தம் இருந்தால், காற்றாலை நிறுத்த அதே வங்கி பணம் தரும். இல்லையென்றால் நிலம் ஏலத்துக்குப் போகும், நாங்கள் நடுத்தெருவுக்கு வருவோம். இதற்கு மேல் எனக்கு ஒளிக்கத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

"உங்க சிநேகிதி அங்கதானேம்மா இருக்காங்க, காதுல ஒரு வார்த்தை போட்டு வைக்கக் கூடாதா?" என்று எடைமேடைக்காரர் கேட்டார். ஆலைக்கு வந்த லாரிகளையெல்லாம் எடை போட்ட மனுஷர். இப்போது சங்கத்துத் தபால் அவர் பொறுப்பு. லாரி இல்லாத குறைக்கு ஒவ்வொரு உறையையும் எடை போட்டு, கிராம் கணக்கைத் தபால் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் அனுப்புகிறார். "அவகிட்ட சிபாரிசுக்குப் போனா என்னையே பிடிச்சுக் குடுத்துடுவா" என்றேன். சரிதானே?

பதின்மூன்றாம் தேதி பதிவு செய்கிறோம்.

எரியத் தயாராக இருக்கும்,
பியூஸ்


ஜனவரி 9, வியாழன்

அன்புள்ள பியூஸுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதலாமா என்று விதிப்புத்தகத்தைப் பார்த்தேன். பதின்மூன்றாம் தேதிக்கு முன்னால் எழுதலாம். ஆகவே எழுதுகிறேன்.

டெண்டர் போடுகிறவர்களில் எனக்கு உறவோ நட்போ உண்டா என்று ஒரு படிவம் கேட்கிறது. "முப்பத்தோரு வருஷ சிநேகிதி. என் பச்சை ஸ்வெட்டர் இன்னும் அவளிடம் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி படித்துவிட்டு, "ஸ்வெட்டரெல்லாம் எதுக்கும்மா?" என்றார். "முழுசா சொல்லணும்னு விதி சார்" என்றேன். மதிப்பெண் போடும் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். கேள்வி மேசை மட்டும் மிச்சம். டெண்டர் போடுகிறவர்கள் எழுதிக் கேட்கும் சந்தேகங்களைப் பிரித்து, எண் போட்டு, குழு சொல்லும் பதிலை எழுதி அனுப்புகிற வேலை.

இனி நன்றாகக் கேட்டுக்கொள். பதின்மூன்றிலிருந்து ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை நீயும் நானும் பேசக் கூடாது. கடிதம், போன், ஆள் விட்டுச் சொல்வது எதுவும் கிடையாது. தனியாக ஒரு வரி வந்தது தெரிந்தாலும் உங்கள் சங்கம் டெண்டரிலிருந்து வெளியே, நான் வேலையிலிருந்து வெளியே. கேள்வி மேசைக்கு எழுதலாம். ஆனால் அங்கே வந்து விழும் எதையும் பதிலோடு சேர்த்து எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்பிவிடுவேன். கேட்டவர் பெயர் மட்டும் இருக்காது.

எல்லா நிபந்தனைகளையும் இரண்டு தரம் படி. இதை நான் எவருக்கும் சொல்வேன்.

மூன்று மாதம், பியூஸ். நீ என்னோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்ததில் நாலு நாள்தான் அதிகபட்சம். ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உன்,
ரூல்தடி


ஜனவரி 26, ஞாயிறு

அடியே,

இது உனக்கு அனுப்புவதற்கு இல்லை. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்கிறேன், கெடு முடிந்ததும் மொத்தமாக வாங்கிக்கொள்.

நிபந்தனைகளை இரண்டு தரம் படித்தேன். 'காற்றாலை என்றால் அந்த இடத்திலேயே குறைந்தது இரண்டு வருஷம் காற்றை அளந்த பதிவு வேண்டும்' என்று ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் எங்கள் ஆலை வாட்ச்மேன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். முன்பு ஒரு காலத்தில் ஆலைப் புகை எங்கள் வீட்டுப் பக்கம் வருகிறது என்று பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். காற்று எந்தப் பக்கம், என்ன வேகத்தில் அடிக்கிறது என்று மணிக்கு ஒரு தரம் எழுதி வைக்க உத்தரவு வந்தது. புகைபோக்கி உச்சியில் கருவி வைத்தார்கள். ஆலை மூடியது. புகை நின்றது. இவர் நிறுத்தவில்லை! அவரும் அவர் மனைவியும் மாறி மாறி ஒன்பது வருஷமாக எழுதியிருக்கிறார்கள். நாற்பத்தொரு நோட்டு! "எதுக்குய்யா எழுதினீங்க?" என்றால், "நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலையேம்மா" என்கிறார். வருஷா வருஷம் கருவியைச் சோதித்துச் சீல் வைக்கிற அரசாங்க ஆளையும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை போல. அவரும் வந்துகொண்டேதான் இருக்கிறார். எனக்கு அந்த வாட்ச்மேனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது.

நோட்டுகளைக் கூட்டிப் பார்த்தேன், அந்தக் கணக்குத் தாளும் இதோடு இருக்கிறது. ரூல்தடி, எனக்குக் கண் கலங்கிவிட்டது. மலை இடுக்கு வழியாகச் சாயங்காலம் ஐந்துக்குக் காற்று எழுகிறது, பத்தரைக்குத்தான் அடங்குகிறது. நீங்கள் கேட்ட அதே நேரம்! மற்றவர்களெல்லாம் பகல் வெயிலைப் பிடித்து பேட்டரியில் அடைத்து வைத்து மாலையில் விற்க வேண்டும். எங்களுக்கு பேட்டரி பேருக்குத்தான். எங்கள் விலை குறையப்போவது அதனால்தான். ஆலையின் பழைய மின்கம்பி இன்னும் துணை மின்நிலையம் வரை அப்படியே நிற்கிறது. இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் நான் யாரிடம் பீற்றிக்கொள்வேன்?

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் குழுத் தலைவர், அந்த கால்குலேட்டர் மாமா, இன்னும் டீக்கு எத்தனை சர்க்கரை என்பதைக்கூடக் கூட்டிக் கழித்துத்தான் சொல்கிறாரா? ஸ்வெட்டரைத் தரமாட்டேன், போ. என்னை மறந்துவிட்டாயா?

பியூஸ்


சுற்றறிக்கை 6
பிப்ரவரி 3, திங்கள்

டெண்டர் போட்டுள்ள நிறுவனங்கள் ஒன்பதுக்கும்,

கேள்வி 30: துணை மின்நிலையம் வரையுள்ள மின்கம்பியைப் பராமரிப்பது யார் பொறுப்பு?
பதில்: மின்சாரம் விற்பவர் பொறுப்பு.

கேள்வி 31: இணைப்பில் காண்க. கேள்வி 30 வந்த அதே உறைக்குள் இந்த நான்கு பக்கக் கடிதமும் ஒரு காற்றுக் கணக்குத் தாளும் இருந்தன. 'அனுப்புவதற்கு இல்லை' என்று கடிதம் கூறினாலும், அது வந்து சேர்ந்துவிட்டது. கேள்வி மேசைக்கு வரும் எதையும் மறைக்க விதியில் இடமில்லை. ஆகவே பட்டப்பெயர்கள் இரண்டை மட்டும் மையால் மறைத்து, ஒரு வரி விடாமல் இணைக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள கேள்விகளுக்குப் பதில்:

முழங்கால் தேறி வருகிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் வலி உண்டு. குழுத் தலைவர் தமக்கு ஒரு பெயர் இருப்பதை அறிந்துகொண்டார். டீக்கு ஒன்றரைக் கரண்டி என்று பதிவு செய்யச் சொன்னார். ஸ்வெட்டரைத் திரும்பப் பெறும் உரிமை கைவிடப்படவில்லை. கடைசிக் கேள்விக்கான பதிலை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே தர இயலும்.

இப்பதில்கள் டெண்டர் போட்டுள்ள அனைவருக்கும் அனுப்பப்படுகின்றன.

கேள்வி மேசை அதிகாரி


பிப்ரவரி 6, வியாழன்

கேள்வி மேசை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு கேள்விகள்.

ஒன்று. உங்கள் வாரியத்தில் வேலைக்குச் சேருகிறவர்கள் மனசாட்சியை எந்த அறையில் ஒப்படைக்க வேண்டும்? ரசீது தருவார்களா? தவறிப்போய் உறைக்குள் விழுந்த ஒரு கடிதத்தைத் திருப்பி அனுப்பவோ, கிழித்துப் போடவோ ஒரு கை போதாதா? அறுபத்திரண்டு குடும்பத்தின் ரகசியத்தை எட்டு கம்பெனிக்கும் பந்தி வைத்தவர், அன்றைக்குச் சாப்பிட்டாரா என்று அறிய விரும்புகிறோம். தபாலைக் கட்டிய எங்கள் ஆள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மேசைமேல் இருந்த தாள் எல்லாம் வாரியத்துக்குத்தான் என்று நினைத்துவிட்டார்.

இரண்டு. காற்றின் வேகத்தைக் கையால் எழுதி வைத்த நோட்டுகள் பதிவாக ஏற்கப்படுமா?

இப்படிக்கு,
சங்கத்தின் பொறியாளர்


சுற்றறிக்கை 8
பிப்ரவரி 10, திங்கள்

டெண்டர் போட்டுள்ள நிறுவனங்கள் ஒன்பதுக்கும்,

கேள்வி 34: (மனசாட்சி, ரசீது, சாப்பாடு குறித்து. முழுக் கேள்வியும் இணைப்பில்.)
பதில்: இது டெண்டர் நிபந்தனைகளுக்கு உட்பட்டதல்ல. சாப்பிடவில்லை.

கேள்வி 35: கையால் எழுதிய காற்றுப் பதிவுகள் ஏற்கப்படுமா?
பதில்: அளந்த கருவி ஒவ்வொரு வருஷமும் சோதித்துச் சீல் வைக்கப்பட்டிருந்தால் ஏற்கப்படும். இதை முடிவு செய்தது குழு. கேள்வி மேசை எழுத மட்டும் செய்தது.

இப்பதில்கள் டெண்டர் போட்டுள்ள அனைவருக்கும் அனுப்பப்படுகின்றன.

கேள்வி மேசை அதிகாரி


மார்ச் 12, புதன்

இதுவும் டப்பாவுக்குத்தான். டப்பாவைப் பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். உன் மேல் உள்ள கோபம் இம்மியளவும் ஆறவில்லை, தெரிந்துகொள். ஆனால் இன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

ஒன்பது பேரில் நாலு பேரைத் தகுதியில்லை என்று தள்ளி, மிச்சம் ஐந்து பேருக்குக் கம்ப்யூட்டரில் இறங்கு ஏலம் வைத்தீர்கள் இல்லையா? மற்ற ஏலத்தில் விலை ஏறும், இதில் இறங்கும். குறைத்துக் கேட்கிறவன் ஜெயிப்பான். கடைசி எட்டு நிமிஷத்தில் எவராவது குறைத்தால் இன்னும் எட்டு நிமிஷம் நீளும். பெயர் தெரியாது, எண்தான். நாங்கள் நாலு. யூனிட்டுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றொரு காசு. அதற்குக் கீழே போனால் சம்பளம் கொடுக்க முடியாது என்று பொதுக்குழுவில் கை தூக்கி முடிவு செய்திருந்தோம்.

ஆலையின் டைம் ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர், நான், எடைமேடைக்காரர், வாட்ச்மேன். ஜன்னலுக்கு வெளியே ஐம்பது தலை. பத்து மணிக்கு நானூற்று எண்பதில் தொடங்கியது. பதினொன்றுக்குள் மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். இரண்டாம் நம்பர்க்காரன் மட்டும் விடவில்லை. நான் நானூற்று இரண்டு என்றால் அவன் ஒன்று என்கிறான். நான் நானூறு என்றால் அவன் ஒரு காசு கீழே. உன் சுற்றறிக்கை வராமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருப்பானா? ஒவ்வொரு காசுக்கும் உன்னைத் திட்டினேன்.

முந்நூற்றுத் தொண்ணூற்று ஐந்தில் அவன் நின்றான். நான் தொண்ணூற்று நாலு அடித்தேன். எட்டு நிமிஷம். எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு நிமிஷம் ஆச்சு. ஏழு ஆச்சு. திரையில் 'ஏலம் முடிந்தது. முதலிடம்: எண் நான்கு' என்று வந்தது.

"மூச்சு விடலாமாம்மா?" என்றார் எடைமேடைக்காரர்.

"விடுங்கய்யா!" என்றேன். வெளியே எழுந்த சத்தத்தில் டைம் ஆபீஸ் கடிகாரம் ஆணியோடு கீழே விழுந்தது. ஜெயிச்சுட்டோமடி! ஜெயிச்சுட்டோம்! ஓடிப்போய்ச் சொல்ல முதலில் உன் முகம்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமை நான் யாருக்கு எழுதுவேன்?

பியூஸ்


ஏப்ரல் 11, வெள்ளி
காலை 11.45

என் பியூஸுக்கு,

ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது பதினொன்று நாற்பதுக்கு. நீ குழுத் தலைவரின் பேனாவை மறந்துபோய் எடுத்துக்கொண்டு சென்றாய் என்று கேள்விப்பட்டேன். நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மை காயட்டும் என்று ஐந்து நிமிஷம் காத்திருந்து எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏலம் முடிந்த மறுநாளே இரண்டாம் எண் நிறுவனம் புகார் கொடுத்தது. ஜெயித்தவருடைய சிநேகிதிதான் கேள்வி மேசையில் இருக்கிறாள், ரகசியமாகக் கடிதப் போக்குவரத்து நடந்திருக்கிறது, டெண்டரை ரத்து செய் என்று. மூன்று பேர் கொண்ட விசாரணை. என்னை நாலு நாள் நிற்க வைத்துக் கேட்டார்கள். உங்கள் சங்கத்தின் தபால் பதிவேட்டைத் தணிக்கை என்று சொல்லி வாங்கிப் போனார்களே, அது இதற்குத்தான்.

அதில் ஜனவரி முப்பதாம் தேதிக்கு நேரே, 'மின்வாரியம், கேள்வி மேசை, நாற்பத்தாறு கிராம்' என்று உன் எடைமேடைக்காரர் எழுதியிருந்தார். விசாரணை அதிகாரி தபால் பிரிவிலிருந்து தராசைக் கொண்டுவரச் சொன்னார். கேள்வி முப்பதை வைத்தார், இருபது கிராம். உறை ஆறு. மொத்தம் இருபத்தாறுதான். "மிச்சம் இருபது கிராம் எங்கம்மா?" என்று என்னைப் பார்த்தார். "கேள்வி முப்பத்தொன்று சார், கோப்புல இருக்கு" என்றேன். உன் நாலு பக்கத்தையும், நீ உள்ளே வைத்திருந்த காற்றுக் கணக்குத் தாளையும் எடுத்து வைத்தார். முள் நாற்பத்தாறில் நின்றது. வந்த எதையும் நான் ஒளிக்கவில்லை என்று தராசே சொல்லிவிட்டது. குழுத் தலைவர் கால்குலேட்டரை எடுத்து ஒரு தரம் கூட்டிப் பார்த்துக்கொண்டார்.

புகாரை அன்றைக்கே தள்ளுபடி செய்தார்கள். ரகசியம் என்று சொன்ன கடிதம் புகார் கொடுத்தவர்களின் கோப்பிலேயே இருந்தது, என் கையெழுத்தோடு!

பியூஸ், நான் கல் இல்லை. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போய் மூன்று தரம் படித்தேன். நாற்பத்தொரு நோட்டு என்ற இடத்தில் அழுதுவிட்டேன். கிழிக்கத்தான் நினைத்தேன். கிழித்திருந்தால் அது நமக்குள் நடந்த ரகசியக் கடிதம் ஆகிவிடும், என்றைக்காவது உங்கள் கழுத்தைப் பிடிக்கும். எல்லாரிடமும் கொடுத்துவிட்டால் அது வெறும் கேள்வி. ஆவணங்களைக் கொடுக்கும் கடைசித் தேதிக்கு மிச்சமிருந்த பதினேழு நாளில் எவரும் காற்றைத் திருடிவிட முடியாது, அந்த மலை இடுக்கின் இரண்டு வருஷப் பதிவு உங்களிடம் மட்டும்தான் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதை உனக்குச் சொல்ல வழியில்லை. நீ திட்டிய கேள்வி முப்பத்து நாலுக்கு, என் கையால் எண் போட்டு ஒன்பது பிரதி எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான முத்திரையை நான் குத்தியதில்லை.

இன்னொன்று. உன் கடிதத்தைப் படித்த பயத்தில் எல்லாருமே விலையை இறக்கினார்கள். போன தடவை வாரியம் வாங்கியதைவிட யூனிட்டுக்குத் தொண்ணூறு காசு குறைவு. ஊரில் எல்லா வீட்டுக்கும் அது போய்ச் சேரும். உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுத விதிப்புத்தகத்தில் படிவம் இல்லை.

கோபம் ஆறவில்லை என்றால் எழுத வேண்டாம். நான் காத்திருப்பேன்.

ரூல்தடி


ஏப்ரல் 15, செவ்வாய்

அடிப்பாவி!

நாலு நாள் நிற்க வைத்தார்களா? அந்த முழங்காலோடு? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்து ரகளை பண்ணியிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது.

உன் கடிதத்தை ஆலை கேட்டில் நின்று சத்தமாகப் படித்தேன். இனிமேல் நமக்கு ரகசியம் எதற்கு? நாற்பத்தாறு கிராம் என்றதும் எடைமேடைக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இத்தனை நாளும் சங்கத்தைக் கெடுத்தவன் நான்தான் என்று மருகிக்கொண்டிருந்த மனுஷர். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு எடைமேடையைச் சுற்றி வந்தார்கள். கடைசியில் மேடையில் ஏற்றி எடை போட்டார்கள், பன்னிரண்டு கிலோ இளைத்திருக்கிறார்! வங்கியிலிருந்து நேற்று ஆள் வந்து, நில ஏல அறிவிப்பைத் தன் கையாலேயே கிழித்துவிட்டுப் போனார். முதல் காற்றாலைக்குக் குழி தோண்ட ஆரம்பித்தாகிவிட்டது.

டப்பாவை அனுப்புகிறேன். எழுதவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணிய பிறகும் எட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். ஏழில் உன்னை வண்டி வண்டியாகத் திட்டியிருக்கிறேன், அதையெல்லாம் விட்டுவிடு. கேள்விகளுக்கு மட்டும் பதில் போடு. எடை: நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிராம், டப்பா தனி. அவரே போட்டது.

வெட்கங்கெட்ட,
பியூஸ்


ஏப்ரல் 20, ஞாயிறு

அன்புள்ள பியூஸுக்கு,

டப்பா வந்தது. எடை சரியாக இருக்கிறது. திட்டுகளையும் விடாமல் படித்தேன். 'பிரம்புக்குப் பிறந்தவளே' என்பது மிக நன்றாக இருந்தது.

உன் கேள்வி: "இனி ஞாயிற்றுக்கிழமை நான் யாருக்கு எழுதுவேன்?"
பதில்: எனக்கு. ஒப்பந்தக் காலம் பதினைந்து வருஷம் இல்லை. முடிவு தேதி கிடையாது.

உன் கேள்வி: "நீ எப்போதாவது எனக்காக ஒரு விதியையாவது மீறுவாயா?"
பதில்: முதல் காற்றாலை சுற்றும் அன்று, இத்தனை வருஷ வேலையில் முதல் தடவையாக, சொல்லாமல் கொள்ளாமல் லீவு போடுகிறேன். மாலை ஐந்துக்கு மலை இடுக்கில் இருப்பேன். காற்று எழுவதைப் பார்க்க வேண்டும். வாட்ச்மேனையும் அவர் மனைவியையும் பார்க்க வேண்டும். குளிரும் என்று நினைக்கிறேன், ஸ்வெட்டரை எடுத்து வை.

கேள்வி எண் முப்பத்தொன்றில் பாக்கி நின்றது: "என்னை மறந்துவிட்டாயா?"
பதில்: இல்லையடி. ஒரு நாள்கூட இல்லை.

இப்பதில் ஒருவருக்கு மட்டும் அனுப்பப்படுகிறது.

உன்,
ரூல்தடி